பர்ன்டைலண்ட்: ஒரு கடவுத்துறை நகரின் கட்டடங்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில், ஃபோர்த் கழிமுகத்தின் வடகரையில், எடின்பரோவை எதிர்நோக்கி அமைந்திருக்கும் பர்ன்டைலண்ட், ஆறாயிரத்துச் சொச்சம் மக்கள் வாழும் ஒரு சிறு துறைமுக நகரம். இந்த ஊரைப் பற்றிய வழிகாட்டிக் குறிப்புகளில் சில செய்திகள் தவறாமல் இடம்பெறும்: அரசி மேரியின் படுக்கையறைக்குள் நுழைந்த பிரெஞ்சுக் கவிஞர் ஒருவர் தலையை இழந்தது, விவிலியத்துக்குப் புதிய மொழிபெயர்ப்பு வேண்டும் என்று மன்னர் ஆறாம் ஜேம்ஸ் இங்கே கூடிய அவையில் பேசியது, ரயில் பெட்டிகளைத் தண்டவாளத்தோடு ஏற்றிச் சென்ற உலகின் முதல் படகு இந்தத் துறையில் ஓடியது. ஒன்றுக்கொன்று உறவில்லாத விந்தைகளைப்போல இவை அடுக்கப்படுகின்றன. ஆனால் இம்மூன்றுக்கும் அடியில் ஒரே புவியியல் உண்மை இருக்கிறது. எடின்பரோவிலிருந்து வடக்கே செல்லும் மன்னனும் வணிகனும் நிலக்கரி வண்டியும் ஃபோர்த்தைக் கடந்தாக வேண்டும். கடப்பதற்கு ஏற்ற ஆழமும் ஒதுக்கமும் உள்ள துறைகளுள் பர்ன்டைலண்ட் முன்வரிசையில் இருந்தது. எதிர்க்கரையின் கிரான்டன் துறைமுகம் இங்கிருந்து எட்டுக் கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது.

கடப்பதற்காகவே உருவான ஓர் ஊர், கடக்கும் தேவை நீங்கியபின் என்ன ஆகிறது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. அதற்கு விடைதேட மூன்று கட்டடங்களை எடுத்துக்கொள்கிறேன்: கொலம்பாவின் பெயர் தாங்கிய ஊர்த் தேவாலயம், துறைமுகத்துக்கு மேலே பாறைமீது நிற்கும் ராசென்ட் கோட்டை, 1847-ஆம் ஆண்டின் ரயில் நிலையம். மூன்றும் ஒரே துறைமுகத்தால் பிறந்தவை. ஆனால் மூன்றும் பிழைத்த விதம் வெவ்வேறு. பழங்கட்டடத்தைக் காப்பது சட்டம் என்று நம்புகிறவர்களுக்கும், பக்தி அல்லது பெருமிதம் என்று நம்புகிறவர்களுக்கும் இந்த ஊர் வசதியான சான்றாக அமையாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

துறைமுகம் முதலில், ஊர் பிறகு

இன்று ஊராக இருப்பது ஆதியில் ஊராக இருக்கவில்லை. பழைய குடியிருப்பு, கடலிலிருந்து சற்று உள்ளே, கர்க்டன் என்று அழைக்கப்படும் இடத்தில் இருந்தது. அங்கே 1243-இல் புனித ஆண்ட்ரூஸ் நகர ஆயர் டேவிட் த பெர்னம் அர்ப்பணித்த சிறு தேவாலயத்தின் இடிபாடு கல்லறைகளுக்கு நடுவே இன்றும் காணக் கிடைக்கிறது. கரையும் பாறையும் டன்ஃபர்ம்லின் மடத்துக்குச் சொந்தமாக இருந்தன. வட கடலில் தன் கப்பல்களுக்கு ஆழமான ஒரு துறையைத் தேடிய மன்னர் ஐந்தாம் ஜேம்ஸ், துறைமுகத்தைச் சுற்றிய நிலத்தை மடத்திடமிருந்து பெற்று, 1541-இல் அதற்கு அரசப் பட்டய நகரம் என்ற தகுதியை வழங்கினார். அந்தத் தகுதி வெறும் பட்டமன்று. அயல்நாட்டு வணிகம் செய்யவும் சந்தை கூட்டவும் தன் வரியைத் தானே வசூலிக்கவும் நகரசபைக்கு உரிமை தருவது அது.

தெருக்களின் அமைப்பில் இந்த வரிசை இப்போதும் தெரிகிறது. பிரதான வீதியான ஹை ஸ்ட்ரீட் துறைமுகத்தின் தலைமாட்டில் தொடங்கிக் கிழக்கு நோக்கி, லிங்க்ஸ் எனப்படும் ஊர்ப் பொதுப் புல்வெளி வரை நீள்கிறது. அதற்குத் தெற்கே ஏறக்குறைய இணையாகச் செல்வது இப்போது சாமர்வில் தெரு என்று அழைக்கப்படும் பழைய நடுவீதி. இவ்விரண்டையும் கடந்து கர்க்கேட் என்னும் தெரு மேடேறித் தேவாலயத்துக்குச் செல்கிறது. ஐரோப்பாவின் பல ஊர்களில் ஆலயமும் சந்தையும் மையத்தில் நிற்க, தெருக்கள் அவற்றைச் சுற்றிப் பரவும். இங்கே தெருக்கள் கப்பல் துறையிலிருந்து புறப்படுகின்றன. தேவாலயமோ ஊரின் ஓரத்தில், கடலைப் பார்த்த மேட்டில் நிற்கிறது. கப்பலிலிருந்து பார்க்கும்போதுதான் அதன் கோபுரம் ஊரின் நடுவில் நிற்பதுபோலத் தோன்றும்.

கோட்டையின் புகழ்பெற்ற கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அது கோட்டையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. 1563 பிப்ரவரியில், புனித ஆண்ட்ரூஸ் நோக்கிச் சென்ற அரசி மேரி ஃபோர்த்தைக் கடந்து ராசென்டில் தங்கினார். அரசவைக் கவிஞர் பியர் த ஷாத்தலார், ஏற்கெனவே எடின்பரோ அரண்மனையில் அவரது அறைக்குள் ஒளிந்திருந்து பிடிபட்டு மன்னிக்கப்பட்டவர், இங்கே இரண்டாம் முறையும் அறைக்குள் புகுந்தார். இம்முறை மன்னிப்புக் கிட்டவில்லை. சில நாட்களில் புனித ஆண்ட்ரூஸில் அவர் தலை வெட்டப்பட்டது. கோட்டையின் கல்லும் கூரையும் பெறாத கவனத்தை இந்தக் கதை நானூறு ஆண்டுகளாகப் பெற்றுவருகிறது.

சதுர ஆலயம்

1560-இல் ஸ்காட்லாந்து ரோமைத் துறந்து சீர்திருத்த சமயத்தை ஏற்றபோது, புதிய வழிபாட்டுக்குப் பழைய கட்டடங்கள் பொருந்தவில்லை. கத்தோலிக்கத் தேவாலயம் நீளமானது. மேற்கே மக்கள், கிழக்குக் கோடியில் பலிபீடம், இடையில் குருக்களுக்குரிய பகுதி. சீர்திருத்த வழிபாட்டில் பலிபீடமே இல்லை; சொல்லப்படும் வசனத்தை அனைவரும் கேட்பதே அதன் சாரம். ஆனாலும் பெரும்பாலான ஊர்கள் பழைய நீளக் கட்டடத்தையே தடுப்புச் சுவர் எழுப்பி, பிரசங்க மேடையை இடம் மாற்றி, எப்படியோ சமாளித்தன. கர்க்டன் ஆலயம் போதாமற்போன பர்ன்டைலண்ட் மக்கள் 1592-இல் புதிதாக ஒன்றைக் கட்டத் தொடங்கியபோது, அவர்களுக்கு அந்த இக்கட்டு இருக்கவில்லை. சீர்திருத்தத்துக்குப் பின் ஸ்காட்லாந்தில் அடித்தளத்திலிருந்து எழுப்பப்பட்ட முதல் பெரிய ஆலயங்களுள் இது ஒன்று.

அவர்கள் தேர்ந்த வடிவம் சதுரம். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 60 அடி. நடுவில் நான்கு பருத்த கல்தூண்கள், அவற்றை இணைக்கும் நான்கு அரைவட்ட வளைவுகள், அவற்றின்மேல் கோபுரம். தூண்கள் கோபுரத்தின் எடையைத் தனித்துத் தாங்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு தூணிலிருந்தும் சதுரத்தின் மூலை நோக்கிக் குறுக்காக ஓர் அரைவளைவு பாய்ந்து, உந்துவிசையைப் புறச்சுவர்களின் மூலைகளுக்குக் கடத்துகிறது. நெடிய தேவாலயங்களில் வெளியே நிற்கும் முட்டுவளைவின் வேலையை இங்கே கூரைக்குள்ளேயே செய்திருக்கிறார்கள். விளைவாக, எந்த மூலையில் அமர்ந்தாலும் மையத்தை நோக்கியே கண் போகும். பேசுபவரிடமிருந்து எவரும் வெகு தொலைவில் இருக்க முடியாது. இப்போதைய எண்கோணக் கல் மேற்கோபுரம் 1749-ஐச் சேர்ந்தது. அதற்கு முன் மரத்தாலான கோபுரம் இருந்தது.

இந்த வடிவம் ஹாலந்திலிருந்து, அதிலும் ஆம்ஸ்டர்டாமின் நோர்டர்கெர்க் ஆலயத்திலிருந்து நகலெடுக்கப்பட்டது என்று சொல்லும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. ஆண்டுகளைப் பார்த்தாலே இது நிற்காது. நோர்டர்கெர்க் 1620-க்குப் பின் கட்டப்பட்டது. டச்சு நாட்டில் சீர்திருத்த வழிபாட்டுக்கென்றே முதன்முதலாகக் கட்டப்பட்டதாகக் கருதப்படும் வில்லெம்ஸ்டாட் எண்கோண ஆலயத்தின் வேலைகூட 1597-இல்தான் தொடங்கியது. பர்ன்டைலண்ட் அதற்கு ஐந்து ஆண்டுகள் மூத்தது. டச்சுத் துறைகளோடு இந்த ஊருக்கு நெருங்கிய வணிக உறவு இருந்தது உண்மை. ஆனால் சிறிய ஊரில் அரியது ஒன்றைக் கண்டால் அது வெளியிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணும் பழக்கம், இங்கே சான்றைவிட வலுவாக வேலை செய்திருக்கிறது. ஒரே வழிபாட்டுத் தேவை இரு கரைகளிலும் ஒரே வகையான விடையைக் கண்டது என்று கொள்வதே பொருத்தம்.

1601 மே மாதம் திருச்சபையின் பொதுப்பேரவை இந்தப் புது ஆலயத்தில் கூடியது. மன்னர் ஆறாம் ஜேம்ஸ் நேரில் வந்திருந்தார். விவிலியத்தை மறுபடி மொழிபெயர்க்க வேண்டும், சங்கீதங்களின் செய்யுள் வடிவத்தையும் திருத்த வேண்டும் என்ற எண்ணம் அங்கே முன்வைக்கப்பட்டது. உடனடியாக எதுவும் நடக்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் அவர் இங்கிலாந்துக்கும் மன்னரானார். 1604-இல் ஹாம்ப்டன் கோர்ட் மாநாட்டில் அதே எண்ணம் மீண்டும் எழுந்து, 1611-இல் அவரது பெயரால் அறியப்படும் ஆங்கில விவிலியமாக முடிந்தது. அந்த மொழிபெயர்ப்பு இங்கேதான் பிறந்தது என்று ஊரார் சொல்வது சற்று மிகை. மன்னரின் விருப்பம் அவையறியச் சொல்லப்பட்ட இடம் இது என்பதற்கு மேல் கோர வேண்டியதில்லை. அதுவே சிறு ஊருக்குப் போதுமான பெருமை.

என் பார்வையில், மன்னர் வந்துபோன ஐந்தாறு நாட்களைவிட அதற்குப்பின் உள்ளே சேர்ந்த மரவேலைதான் இந்த ஆலயத்தை ஒப்பற்றதாக்குகிறது. சீர்திருத்த சமயம் கடவுள்முன் அனைவரும் சமம் என்று போதித்தது. இருக்கை ஏற்பாடு அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1606-ஆம் ஆண்டைத் தாங்கிய, விதானம் போர்த்திய, செதுக்கு வேலைப்பாடு நிறைந்த பெரிய இருக்கை ஒன்று நடுவே நிற்கிறது. ராசென்ட் கோட்டையின் உடைமையாளர் சர் ராபர்ட் மெல்வில் தமக்காகச் செய்வித்தது. பின்னர் நகர நடுவர்களின் இருக்கையாயிற்று. சுவரோரமாகச் சுற்றிலும் எழுந்த மரமாடங்களோ தொழிற்குழுக்களுக்கு உரியவை. கொல்லர், ரொட்டி சுடுவோர், தையற்காரர், மால்ட் செய்வோர், வணிகர் என ஒவ்வொரு குழுவும் தன் மாடத்தைத் தன் செலவில் கட்டி, முகப்புப் பலகையில் தன் தொழிற்சின்னத்தைத் தீட்டிக்கொண்டது. ஞாயிறன்று கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், யார் யாருக்கு மேல், எந்தத் தொழில் எந்தத் தொழிலுக்கு அருகில், எந்தக் குழு ஓவியனுக்குத் தாராளமாகக் கூலி கொடுக்கக்கூடியது என்பதெல்லாம் தெரியும். வரிப் பதிவேட்டைக் காட்டிலும் தெளிவான சமூக ஆவணம் அது.

எல்லாவற்றிலும் மாலுமிகளின் மாடம் தனித்து நிற்கிறது. பலகைகளில் பாய் விரித்த கப்பல்கள் தீட்டப்பட்டிருக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் வட கடலில் ஓடிய கப்பல்களின் கட்டமைப்பைப் பற்றி அறிய விரும்புவோரும் அவற்றைப் பார்க்கலாம். ஆனால் இந்த மாடத்துக்கு ஏறும் வழி ஆலயத்துக்குள் இல்லை. புறச்சுவரில் ஒரு கல் படிக்கட்டு எழுந்து, நேராக மாடத்தின் கதவை அடைகிறது. வாயிலின்மேல் நங்கூரமும், 1679 என்ற ஆண்டும், கடவுளின் பராமரிப்பே எங்கள் சொத்து என்னும் பொருளுடைய வாசகமும் பொறிக்கப்பட்டுள்ளன. பிரசங்கம் மணிக்கணக்கில் நீளும் காலம் அது. ஓதம் பிரசங்கத்துக்காகக் காத்திருக்காது. நீர் ஏறிய நேரத்தில் கப்பலை எடுக்க வேண்டிய மாலுமி, பிறருக்கு இடையூறு செய்யாமல் எழுந்து, வெளிப்படி வழியாக இறங்கித் துறைமுகம் போய்விடலாம் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஓய்வுநாள் விதியில் ஸ்காட்லாந்துத் திருச்சபை எத்தனை கண்டிப்பானது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தப் படிக்கட்டின் கனம் விளங்கும். ஊரின் பிழைப்பு எதில் இருந்தது என்பதைத் திருச்சபையே கல்லில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

மூழ்கிய படகும் தளர்ந்த வணிகமும்

1633 ஜூலையில் மன்னர் முதலாம் சார்லஸ், ஸ்காட்லாந்தில் முடிசூடிய பயணத்தின்போது, இங்கிருந்து எடின்பரோவின் துறைமுகமான லீத்துக்குக் கடந்தார். அவரது சாமான்களை ஏற்றி வந்த படகு புயலில் அவர் கண்ணெதிரிலேயே மூழ்கியது. அரச வெள்ளிப் பாத்திரங்கள் அதில் இருந்தன என்ற நம்பிக்கையால் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அதைத் தேடும் முயற்சிகள் நடந்தன. பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவான கடப்பு எனினும் அது விளையாட்டல்ல என்பதற்கு இந்த விபத்தே சான்று. 1651-இல் ஆங்கிலேயப் படைத்தலைவர் குரோம்வெல்லின் படை ஊரைக் கைப்பற்றியது. துறைமுகத்தைச் செப்பனிட்டுத் தெருக்களுக்குக் கல் பாவித் தருவதாக அவர் ஒப்புக்கொண்டபின்பே ஊர் பணிந்தது என்று உள்ளூரில் ஒரு கதை வழங்குகிறது. கதை உண்மையோ இல்லையோ, துறைமுகச் சுவரை வைத்துப் பேரம் பேசும் ஊர் என்று தன்னைத்தானே அது நினைவு வைத்திருப்பது பொருத்தமாகவே இருக்கிறது.

இங்கிலாந்துடன் ஒன்றிணைந்த 1707-க்குப் பின், வட கடல் வணிகத்தை நம்பிய ஃபைஃப் துறைகள் பலவற்றைப்போல இதுவும் தளர்ந்தது. அந்தத் தளர்ந்த நூற்றாண்டின் கடைசியில்தான் இவ்வூரின் மிகச் சிறந்த மனம் இங்கே வளர்ந்தது. கடற்படை அதிகாரி வில்லியம் ஃபேர்ஃபேக்ஸின் மகள் மேரி, பின்னாளில் மேரி சாமர்வில், 1780-இல் ஜெட்பரோவில் பிறந்து, கடலைப் பார்த்த தோட்டமுள்ள வீட்டில் இங்கே குழந்தைப் பருவத்தைக் கழித்தார். பெண்ணுக்குக் கணிதம் வேண்டாம் என்று இரவில் மெழுகுவர்த்தியைக் கூட எடுத்துவிட்ட குடும்பம் அது. வானியலை விளங்கிக்கொள்ள அவர் முதலில் புரட்டியது, வீட்டிலிருந்த கடற்பயணக் கணித நூல் ஒன்றை. கப்பலோட்டிகள் வாழும் ஊரில் வளர்ந்த பெண்ணுக்கு அறிவியலின் கதவு அப்படித்தான் திறந்தது. 1835-இல் கரோலின் ஹெர்ஷலுடன் அரச வானியல் கழகத்தின் கௌரவ உறுப்பினராக்கப்பட்டார். 2017-இல் ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து வெளியிட்ட பத்துப் பவுண்டு தாளில் அவர் உருவம் இருக்கிறது. பழைய நடுவீதி அவர் பெயரைத் தாங்குவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

தண்டவாளம் கடலைக் கடந்தபோது

1847 செப்டம்பரில் எடின்பரோ - வடக்கு ரயில் பாதை பர்ன்டைலண்டிலிருந்து கூப்பர் நோக்கித் திறக்கப்பட்டது. துறைமுகத்தை அடுத்து, தூண்கள் வரிசையிட்ட முகப்போடு ஒரு முனைய நிலையம் எழுந்தது. எடின்பரோவிலிருந்து வடக்கே செல்பவர் கிரான்டன் வரை ரயிலில் வந்து, நீராவிப் படகில் ஃபோர்த்தைக் கடந்து, இங்கே மறுபடி ரயில் ஏறினார். பயணிகள் இறங்கி ஏறலாம். நிலக்கரியும் தானியமும் கால்நடையும் நிறைந்த சரக்குப் பெட்டிகளை இரு கரைகளிலும் காலிசெய்து நிரப்புவதுதான் பெருஞ்செலவு.

இதற்கு விடை கண்டவர், பாதை நிறுவனத்தில் மேலாளராகவும் பொறியாளராகவும் சேர்ந்த தாமஸ் பௌச். தண்டவாளம் பதித்த தளத்தோடு லெவியதன் என்னும் கப்பல் கிளைட் ஆற்றங்கரையில் ராபர்ட் நேப்பியரின் தளத்தில் கட்டப்பட்டு 1850-இல் ஓடத் தொடங்கியது; முப்பதுக்கு மேற்பட்ட சரக்குப் பெட்டிகளை ஒரே நடையில் ஏற்றியது. கப்பலைவிடக் கரையில் இருந்த அமைப்பே நுட்பமானது. இங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் சில நாட்களில் 5 மீட்டரை எட்டும். எனவே கரைத் தண்டவாளமும் கப்பல் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் நிலைத்திருக்க முடியாது. பௌச் சாய்வான கல் சரிவொன்றை அமைத்து, அதன்மேல் சக்கரங்களில் ஏறி இறங்கும் கனத்த மேடையை நிறுத்தினார். நீர்மட்டத்துக்கேற்ப மேடையை இழுத்துப் பொருத்தி, அதன் முனையிலிருந்து கீல் வைத்த இணைப்புப் பாலங்களைக் கப்பல் தளத்தில் இறக்கினால், பெட்டிகள் நேராக உருண்டு உள்ளே போய்விடும்; கரையில் நின்ற நீராவி எந்திரம் அவற்றை வடத்தால் இழுத்தது. இன்று உலகெங்கும் லாரிகளும் ரயில்களும் உருண்டு ஏறும் கப்பல்களின் அடிப்படைக் கருத்து இதுதான்.

இந்த வெற்றி பௌச்சின் வாழ்க்கையை மட்டுமன்றி ஊரின் விதியையும் தீர்மானித்தது. படகு எவ்வளவு நன்றாக ஓடினாலும் அது இடைக்கால ஏற்பாடுதான் என்பதில் அவரே உறுதியாக இருந்தார். ஃபைஃபுக்கு வடக்கே உள்ள டே கழிமுகம், ஃபோர்த் இரண்டுக்கும் பாலம் வேண்டும் என்றார். டே பாலம் 1878-இல் திறந்து, 1879 டிசம்பர் 28-ஆம் நாள் இரவுப் புயலில் நடுப்பகுதி சரிந்தது. மேலே சென்றுகொண்டிருந்த ரயிலில் இருந்த எவரும் பிழைக்கவில்லை. அந்த ரயில் மாலை பர்ன்டைலண்டிலிருந்து புறப்பட்டது. எடின்பரோவிலிருந்து ஏறியவர்கள் சற்றுமுன்தான் பௌச்சுக்குப் புகழ் தேடித்தந்த அதே கடவில் ஃபோர்த்தைப் பத்திரமாகக் கடந்து வந்திருந்தார்கள். ஃபோர்த் பாலத்துக்கு அவர் வரைந்த திட்டம் கைவிடப்பட்டு, வேறு பொறியாளர்களின் வடிவமைப்பில் 1890 மார்ச் 4-ஆம் நாள் இன்றைய எஃகுப் பாலம் திறந்தது.

அன்றோடு முனையம் என்ற நிலை பர்ன்டைலண்டுக்கு முடிந்தது. மேற்கே பாலத்திலிருந்து வந்த புதிய பாதை ஊரைக் கடந்து சென்றது. பக்கத்திலேயே சாதாரண வழிநிலையம் ஒன்று எழ, 1847-இன் முகப்பு வேலையற்று நின்றது. பாதையே ஊருக்கும் துறைமுகத்துக்கும் இடையில் வேலியாயிற்று. ஹை ஸ்ட்ரீட்டில் நிற்பவருக்குத் துறைமுகம் அருகில் இருந்தும் எட்டாத ஒன்றாக மாறியது, இந்த ஊரின் நகரமைப்பில் நிகழ்ந்த ஒரே பெரிய தவறு என்று நான் கருதுகிறேன். அதைத் தவிர்க்க வழி இருந்ததா என்பது வேறு.

ஊர் உடனே சரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஃபைஃப் நிலக்கரி ஏற்றுமதிக்காக மேற்குத் துறை 1876-இலும் கிழக்குத் துறை 1901-இலும் திறந்தன. அலுமினா ஆலை 1917-இல் தொடங்கி 2002 வரை நடந்தது. கப்பல் கட்டும் தளம் 1918 முதல் 1969 வரை வேலை கொடுத்தது. ஆனால் இவை துறைமுகத்துக்கு வேலை தந்தனவே தவிர, பழைய தெருக்களுக்கு வழிப்போக்கரைத் தரவில்லை.

மூன்று கட்டடங்கள், மூன்று வழிகள்

ராசென்ட் கோட்டை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் விடுதியாக இருந்து, பின் நகரசபையின் கைக்கு வந்து, ஆளின்றிக் கிடந்தது. 1957-இல் அங்கே கூரைப்பூச்சுக்கு மேல் மறைந்திருந்த, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த வண்ணந்தீட்டிய மரக்கூரை வெளிப்பட்டது. பழம், பறவை, விலங்கு, சின்னம் என நிறைந்த அது எடின்பரோவுக்குக் கொண்டுபோகப்பட்டு இன்று தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரிய பொருள் கிடைத்ததால் கட்டடம் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று நினைப்போம். நடந்தது நேர்மாறு. பொருள் பத்திரமாகப் போய்ச்சேர்ந்தபின் வெற்றுக் கோட்டை செலவுக் கணக்கில் மட்டும் மிஞ்சியது. 1970-களின் தொடக்கத்தில் நகரசபையே அதை இடிக்க அனுமதி கேட்டது, எதிர்ப்பு எழுந்தது, அனுமதி கிடைக்கவில்லை.

இங்கே சட்டம் தன் வேலையைச் செய்தது என்று முடித்துவிடலாம். ஆனால் இடிக்கக் கூடாது என்ற ஆணை மழையை நிறுத்துவதில்லை. உண்மையில் கோட்டையைக் காத்தது, 1975-இல் எடின்பரோவின் ராபர்ட் ஹர்ட் கட்டடக்கலை நிறுவனம் அதை வாங்கிச் சீரமைத்துத் தன் அலுவலகமாக்கிக்கொண்டது. பழங்கட்டடச் சீரமைப்பைத் தொழிலாகக் கொண்டவர்களே அதில் வாழ வந்ததால், கூரையில் ஒரு கல்பலகை நகர்ந்தாலும் நனைவது அவர்களுடைய வரைபடங்கள்தாம். பராமரிப்புக்கு இதைவிட உறுதியான உத்தரவாதத்தை எந்த ஆணையும் தர முடியாது.

ரயில் நிலையத்தின் கதை இதன் மந்தமான வடிவம். முனையம் என்ற பயனை இழந்தும், ரயில்வேக்கு அவ்வப்போது வேண்டிய இடமாக இருந்ததால் அது இடிக்கப்படவில்லை. அதைக் காக்கவும் யாரும் முனையவில்லை. நெடுங்காலம் அப்படியே கிடந்து, அண்மைக் காலத்தில்தான் சீரமைக்கப்பட்டு வேறு பயனுக்குத் திறக்கப்பட்டது. நிலத்தின் விலை குறைவாக இருந்ததும் ஒரு பாதுகாப்புத்தான். செல்வம் கொழித்த துறைமுகங்களில் இத்தகைய முகப்புகள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டன.

சாமர்வில் தெருப் பகுதியை இதற்கு இணையாக வைத்துப் பார்க்கலாம். இரண்டாம் உலகப்போருக்குப்பின் கர்க்கால்டி நகரின் வீலர் - ஸ்ப்ரோசன் கட்டடக்கலை நிறுவனம் பழுதான வீடுகள் பலவற்றை அகற்றி, மேரி சாமர்வில் வாழ்ந்த வீடு போன்ற சிலவற்றைச் சீரமைத்து, இடையிடையே புதிய நகரசபை வீடுகளைக் கட்டியது. பழமை விரும்பிகள் இதைக் குறைசொல்வதுண்டு. இழப்பு உண்மை, ஆயினும் புதிய வீடுகள் பழைய உயரத்தையும் சரளை கலந்த சுண்ணப்பூச்சையும் தெருவின் வளைவையும் விட்டுவிலகவில்லை, நடு ஊரில் குடும்பங்களும் தங்கின. அதே பத்தாண்டுகளில் பிரிட்டனின் வேறு நகரங்களில் பழைய மையங்களுக்கு நேர்ந்ததோடு ஒப்பிட்டால், இங்கே வேலை நிதானத்தோடு நடந்திருக்கிறது.

தேவாலயத்துக்கு இவற்றில் எதுவும் தேவைப்படவில்லை. நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் அது கட்டப்பட்ட வேலைக்கே பயன்பட்டு வந்தது. கூரை ஒழுகினால் வாரந்தோறும் கவனிக்க ஆள் இருந்தார்கள். இப்போதுதான் அந்த அடிப்படை அசைகிறது. ஸ்காட்லாந்துத் திருச்சபையின் உறுப்பினர் எண்ணிக்கை பல பத்தாண்டுகளாகச் சரிந்துவருகிறது; தன் கட்டடங்களைப் பெருமளவு குறைக்கும் திட்டங்களை ஒவ்வொரு வட்டாரத்திலும் அது வகுத்திருக்கிறது. மிக உயர்ந்த வகைப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதால் பர்ன்டைலண்ட் ஆலயத்தை எவரும் இடிக்க முடியாது. உட்புறத்தின் நிலை சற்றுச் சிக்கலானது. வழிபாட்டில் உள்ள ஆலயங்களின் உள்வேலைகளுக்குப் பட்டியல் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. திருச்சபையின் சொந்தக் குழுவே அவற்றைப் பரிசீலிக்கும். வழிபாடு நின்றால் விலக்கும் நீங்கி, நகராட்சியின் அனுமதி முழுமையாகத் தேவைப்படும். ஆகவே மக்கள் கூடும்வரை சட்டம் தள்ளி நிற்கிறது, மக்கள் போனபின் உள்ளே வருகிறது. ராசென்ட் அனுபவத்தை வைத்துப் பார்த்தால் இது தலைகீழான வரிசை.

பயன் மாறினால் எத்தகைய பயன் பொருந்தும் என்பதை வடிவமே சொல்கிறது. மையத்தை நோக்கிய சதுரம் இசைக்கும் பேச்சுக்கும் நாடகத்துக்கும் எளிதாக இணங்கும். அறைகளாகப் பிரிப்பதற்கு இணங்காது, ஏனெனில் மூலைக்குப் பாயும் அரைவளைவுகளை எந்தத் தடுப்புச் சுவரும் வெட்டிவிடும். தனி வீடுகளாகவோ அலுவலகமாகவோ மாற்ற முன்மொழிபவரை ஆரம்பத்திலேயே மறுப்பது நல்லது. இருக்கைகளை அகற்றித் தளத்தைக் காலியாக்கக் கேட்பார்கள்; பிற்காலத்துச் சாதாரண பெஞ்சுகளில் இதற்கு இடம் கொடுக்கலாம். நடுவர் இருக்கை, தொழிற்குழு மாடங்கள், மாலுமிப் பலகைகள், வெளிப்படிக்கட்டு ஆகிய நான்கையும் ஒரே பொருளாகப் பதிவுசெய்து, அவற்றுள் எதையும் தனியே கழற்றி வேறிடம் கொண்டுபோகக் கூடாது என்பதை எந்த விற்பனை ஒப்பந்தத்திலும் முதல் நிபந்தனையாக எழுத வேண்டும். மாலுமிகளின் கப்பல் ஓவியங்கள் எடின்பரோ அருங்காட்சியகத்தில் இன்னும் நல்ல வெளிச்சத்தில் இருக்கும், இன்னும் பலர் பார்ப்பார்கள் என்ற வாதம் நிச்சயம் வரும். 1957-இல் ராசென்ட் கூரைக்கும் அதுவே பொருந்தியது. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குள் கோட்டைக்கு இடிப்பு விண்ணப்பம் எழுதப்பட்டது.